ராமேஸ்வரம் லாட்ஜுக்கு சப்நெட் பிரிக்க ஐந்து வரி பைத்தான்

ஆடி அமாவாசைக்கு முந்தைய ராத்திரி ராமேஸ்வரத்தில் பல லாட்ஜ்களில் ஒரே புகார் வரும். வைஃபை சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனால் போன் 'ஐ.பி. முகவரி பெறப்படுகிறது' என்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டு நிற்கிறது. ஏற்கெனவே இணைந்தவர்களுக்கு நெட் ஓடுகிறது, புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் இல்லை. உடனே இணைய கம்பெனியைத் திட்டுவார்கள், இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டுவார்கள். இரண்டுமே தேவையில்லை. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் ஐ.பி. முகவரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். 40 அறை, அறைக்கு 4 போன் என்றால் 160. ரவுட்டர் பெட்டியிலிருந்து வரும்போதே இருக்கும் 192.168.1.0/24 வலையில் (/24 என்பது வலையின் அளவு, 256 முகவரி; இந்த எண் ஒன்று கூடினால் அளவு பாதியாகும்) முதலும் கடைசியும் ரவுட்டருக்கு ஒன்றும் போக 253 முகவரி உண்டு. 160-க்கு 253 தாராளம் என்று தோன்றும். ஆனால் டி.எச்.சி.பி. லீஸ், அதாவது ரவுட்டர் தானாகக் கொடுத்த முகவரி ஒருவர் பெயரில் இருக்கும் காலம், 24 மணி நேரம் என்று இருந்தால், அதிகாலையில் அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, மதியம் அறையைக் காலி செய்து போனவரின் முகவரி மறுநாள் வரை அவர் பெயரிலேயே கிடக்கும். அதே அறைக்கு மாலையில் வருபவருக்கு வேறு முகவரி வேண்டும். ஆக 320. சில ரவுட்டர்களில் ஆரம்ப அமைப்பே நூறு முகவரிதான் விநியோகிக்கும். அது சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

லீஸை 2 மணி நேரமாகக் குறைப்பது முதல் வைத்தியம். போன்கள் லீஸ் காலத்தில் பாதி கழிந்ததுமே புதுப்பிக்கக் கேட்கும் என்பதால் 2 மணி நேரம் வைத்தாலும் தங்கியிருப்பவருக்கு இடைஞ்சல் வராது. இரண்டாவது, வலையையே சரியான அளவுள்ள சிறு வலைகளாக, அதாவது சப்நெட்களாகப் பிரிப்பது. கேமரா, அலுவலகக் கணினி, பில் பிரிண்டர், விருந்தினர் போன் எல்லாம் ஒரே வலையில் கிடந்தால், போன் கூட்டம் முகவரிகளைத் தின்று தீர்க்கும்போது பிரிண்டரும் சேர்ந்து படுக்கும்.

பிரிப்பதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற கட்டளைச் செயலியைப் போட்டு அதற்குள் பைத்தான் நிறுவிக்கொண்டால் போதும், சிக்னல் இல்லாத மொட்டைமாடியிலும் கணக்குப் போடலாம். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கீழே உள்ள வரிகளை அப்படியே தட்டினால் வேலை செய்யும்.

முகவரி = 10 << 24 | 65 << 16 | 10 << 8 | 77
நீளம் = 27
மாஸ்க் = 4294967295 << (32 - நீளம்) & 4294967295
தொடக்கம் = முகவரி & மாஸ்க்
கடைசி = தொடக்கம் | (4294967295 ^ மாஸ்க்)

ஐ.பி. முகவரி என்பது உண்மையில் புள்ளி வைத்த நாலு எண் இல்லை, 32 பிட் உள்ள ஒரே எண். 10.65.10.77 என்பதை முதல் வரி 172034637 ஆக்குகிறது. இரண்டாவது வரியில் உள்ள நீளம், / குறிக்குப் பின் வரும் எண்: 32-இல் எத்தனை பிட் வலையைக் குறிக்கிறது என்பது. 4294967295 என்பது 32 பிட்டும் ஒன்றாக இருக்கும் எண். மூன்றாவது வரி அதை ஐந்து இடம் இடப்பக்கம் தள்ளி, வலப்பக்கம் ஐந்து சுழியத்தை உண்டாக்குகிறது, 32-ஐத் தாண்டி வெளியே வழிந்ததை வெட்டுகிறது. இதுதான் மாஸ்க், எந்தப் பிட் வலைக்கு, எந்தப் பிட் கருவிக்கு என்று காட்டும் எண். நான்காவது வரி அந்தச் சுழியங்களால் கடைசி ஐந்து பிட்டை அழித்து வலையின் தொடக்கத்தைத் தருகிறது. ஐந்தாவது வரி அதே ஐந்து பிட்டையும் ஒன்றாக்கி பிராட்காஸ்ட் முகவரியை, அதாவது வலையில் உள்ள எல்லோருக்கும் அனுப்பும் முகவரியைத் தருகிறது.

விடையைத் திரும்பப் புள்ளி வடிவில் பார்க்க இதைத் தட்டுங்கள்:

தொடக்கம் >> 24, தொடக்கம் >> 16 & 255, தொடக்கம் >> 8 & 255, தொடக்கம் & 255

(10, 65, 10, 64) என்று வரும். கடைசிக்கும் இதையே செய்தால் (10, 65, 10, 95). கடைசி - தொடக்கம் - 1 என்று தட்டினால் 30. அதாவது 65 முதல் 94 வரை கருவிகளுக்குக் கொடுக்கலாம். கோப்பாக எழுதி வைப்பவர்கள் இதை ஒரு சார்புக்குள் (ஃபங்ஷன்) போட்டுக்கொண்டு, புள்ளியில் உடைத்து நாலு எண்ணாக்கும் ஒரு வரியை மேலே சேர்த்தால் முடிந்தது.

முதல் வரியில் செங்குத்துக் கோட்டுக்குப் பதில் கூட்டல் குறி போட்டுவிடாதீர்கள். கூட்டினாலும் அதே விடைதானே என்று தோன்றும், கணிதப்படி அது சரியும்கூட. ஆனால் பைத்தானில் கூட்டல், தள்ளலை விட முந்திக்கொள்ளும். 10 << 24 + 65 என்பதை அது 10-ஐ 89 இடம் தள்ளு என்று படிக்கும். பிழைச் செய்தி ஏதும் வராது, நீளமான ஓர் எண் மட்டும் வரும். கூட்டல்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு தள்ளலுக்கும் அடைப்புக்குறி போடுங்கள். இன்னொன்று: சில தமிழ் விசைப்பலகைகள் எழுத்துகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இணைப்பானைச் செருகிவிடும். பைத்தான் 'அச்சிட முடியாத எழுத்து' என்று முறைத்தால் அந்தப் பெயரை அழித்துவிட்டு மறுபடி தட்டுங்கள்.

வேறு மொழிக்குக் கொண்டுபோகும்போது வரும் கோளாறுகள் வேறு. ஜாவாஸ்கிரிப்டில் இந்தத் தள்ளல் குறிகள் 32 பிட் எண்ணைக் கூட்டல்-கழித்தல் குறியோடு பார்க்கும். அதனால் 192-ஐ 24 இடம் தள்ளினால் விடை எதிர்மறையில் வரும். கடைசியில் >>> 0 சேர்த்தால் சரியாகும். அதைவிட மோசம், நீளம் 0 என்று கொடுத்தால் 32 இடம் தள்ள வேண்டும். ஜாவாஸ்கிரிப்டும் ஜாவாவும் 32 இடம் தள்ளுவதை 0 இடம் தள்ளுவதாக எடுத்துக்கொள்வதால், எல்லாம் சுழியமாக வர வேண்டிய மாஸ்க் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். லினக்ஸின் பாஷ் கட்டளை மொழியில் 64 பிட் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே முன்னால் வரும் சுழியம்தான் எமன். 010 என்று எழுதினால் அது எண்ம முறை எண்ணாகி 8 ஆகிவிடும், 08 என்றால் பிழை. பதிவேட்டில் அழகுக்காக 10.065.010.077 என்று எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை விடுவது நல்லது. பைத்தானோடு கூடவே வரும் ஐ.பி. அட்ரஸ் நூலகமும் 3.9.5 பதிப்பிலிருந்து முன்சுழியத்தை ஏற்பதில்லை.

அந்த நூலகம் 3.3 பதிப்பு முதல் இருக்கிறதே, எதற்கு இந்த ஐந்து வரி என்று கேட்கலாம். அன்றாட வேலைக்கு நூலகத்தையே பயன்படுத்துங்கள். ஆனால் அது 10.65.10.77/27 என்று கொடுத்தால் 'ஹோஸ்ட் பிட் இருக்கிறது' என்று மறுக்கும். ஏன் மறுக்கிறது என்று புரிய இந்த ஐந்து வரியும் தெரிந்திருக்க வேண்டும். 77 என்பது வலை அல்ல, வலைக்குள் இருக்கும் ஒரு கருவி. கண்டிப்பு வேண்டாம் என்று சொன்னால் அதுவே 64-க்கு இறக்கிக்கொள்ளும்.

இனி பிரிப்பு. லாட்ஜுக்கு 10.65.8.0/22 எடுத்துக்கொள்வோம், 1024 முகவரி. 65 ஏன் என்றால் ராமநாதபுரம் மாவட்ட வண்டிகளின் எண் 65, யாருக்கும் மறக்காது. விளையாட்டு இல்லை, இதில் காரியமும் இருக்கிறது. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1-இல் இருக்கும். நாளைக்கு ராமநாதபுரத்தில் உள்ள முதலாளி வீட்டிலிருந்து வி.பி.என். (இணையத்தின் வழியே கட்டும் தனிப் பாதை) போட்டு கேமரா பார்க்க வேண்டும் என்றால், இரு பக்கமும் 192.168.1.0/24 ஆக இருந்தால் நடக்காது. அவர் கணினிக்கு 192.168.1.20 என்பது தன் வீட்டுக்குள் இருக்கும் கருவி, அதை வி.பி.என். பக்கம் அனுப்பவே அனுப்பாது.

தேவைகள் இப்படி: விருந்தினர் போன் 320, கேமராவும் அதைப் பதிவு செய்யும் என்.வி.ஆர். பெட்டியும் சேர்த்து 45, அலுவலகக் கணினி, பிரிண்டர், கார்டு மெஷின் 20, ஸ்விட்ச் மற்றும் வைஃபை அக்சஸ் பாயிண்ட் நிர்வாகம் 14, எதிர்க் கட்டடத்துக்குப் போகும் வயர்லெஸ் இணைப்பின் இரு முனை 2.

ஒவ்வொன்றுக்கும் அளவு காண, தேவையோடு மூன்றைக் கூட்டுங்கள்: வலை முகவரி, பிராட்காஸ்ட், கேட்வே (வலையிலிருந்து வெளியே போகும் வழி, அதாவது ரவுட்டரின் முகவரி). பிறகு 4-இல் தொடங்கி, அந்தத் தொகை அடங்கும் வரை இரட்டித்துக்கொண்டே போங்கள். 323-க்கு 512, அதாவது /23. 48-க்கு 64, /26. 23-க்கு 32, /27. நிர்வாகத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். /28-இல் 14 முகவரி, கருவியும் 14, கச்சிதம் என்று போட்டுவிடுவார்கள். கேட்வேக்கு இடம் இருக்காது. 17-க்கு 32, எனவே /27. வயர்லெஸ் இணைப்பு மட்டும் விதிவிலக்கு. இரு முனையில் இருப்பவைதான் ஒன்றுக்கொன்று கேட்வே, தனியாகக் கூட்ட வேண்டாம், /30 போதும். 2000-இல் வந்த ஆர்.எஃப்.சி. 3021 என்ற இணையத் தர ஆவணம் இதற்கு /31-ஐயும் அனுமதிக்கிறது, ஆனால் சில மலிவு விலை ரேடியோக்கள் அதை ஏற்பதில்லை. இரண்டு முகவரியைச் சிக்கனம் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

மடக்கை போட்டு மேல்நோக்கி முழுமையாக்கும் வழியைச் சிலர் எழுதுவார்கள். தசம எண்ணில் வரும் நுண்ணிய பிழையால் சரியாக இரண்டின் அடுக்கில் நிற்கும் எண் சில சமயம் ஒரு படி ஏறிவிடும். இரட்டிப்பில் அந்தத் தொல்லை கிடையாது.

இடம் ஒதுக்கும் வரிகள் (முதல் வரி ஒரு தடவைதான், மற்ற மூன்றையும் ஒவ்வொரு வலைக்கும் அளவை மாற்றித் தட்டுங்கள்):

அடுத்து = 10 << 24 | 65 << 16 | 8 << 8
அளவு = 512
தொடக்கம் = (அடுத்து + அளவு - 1) // அளவு * அளவு
அடுத்து = தொடக்கம் + அளவு

வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வரப்பை எங்கே வேண்டுமானாலும் வெட்டிப் பாத்தி கட்டலாம். சப்நெட்டில் முடியாது. 64 அளவுள்ள பாத்தி 64-இன் மடங்கில்தான் தொடங்கும்: 0, 64, 128, 192. மூன்றாவது வரி செய்வது அதைத்தான், அடுத்த மடங்குக்கு ஏற்றிவிடுகிறது. இந்த வரி இல்லாத ஸ்கிரிப்ட்கள் 10.65.10.40/26 என்று ஒரு வலையைச் சொல்லும். ரவுட்டரில் போட்டால் ஒன்று அது மறுக்கும், அல்லது சத்தமில்லாமல் 10.65.10.0/26 ஆக எடுத்துக்கொள்ளும். இரண்டாவதுதான் ஆபத்து, பக்கத்து வலையோடு மோதும்.

பெரியதிலிருந்து சிறியதற்கு வரிசைப்படுத்திவிட்டுப் போட்டால் இப்படி வரும்:

விருந்தினர் 10.65.8.0/23, 10.65.9.255 வரை
கேமரா 10.65.10.0/26, 63 வரை
அலுவலகம் 10.65.10.64/27, 95 வரை
நிர்வாகம் 10.65.10.96/27, 127 வரை
வயர்லெஸ் இணைப்பு 10.65.10.128/30, 131 வரை

மிச்சம் 380 முகவரி ஒரே தொடராக நிற்கிறது, அதில் 10.65.11.0/24 முழுசாகக் கைபடாமல் இருக்கிறது. வரிசைப்படுத்தாமல், முதலாளி சொன்ன வரிசையில் இணைப்பு முதலில், விருந்தினர் அடுத்து என்று போட்டால் என்ன ஆகும்? இணைப்பு 10.65.8.0-வில் உட்காரும். 512 அளவுள்ள விருந்தினர் வலை அடுத்த மடங்குக்குத் தாவி 10.65.10.0-வுக்குப் போய் 10.65.11.255-இல் முடியும். கேமராவுக்கு அடுத்த இடம் 10.65.12.0, அது நம் /22-க்கு வெளியே. நடுவில் ஐந்நூறு முகவரி காலியாகக் கிடக்கும், ஸ்கிரிப்டோ இடமில்லாமல் வெளியே போய்விடும். எனவே ஒவ்வொரு முறையும் 'அடுத்து' மொத்தத் தொகுதியின் முடிவைத் தாண்டுகிறதா என்று சோதிக்கும் வரி கட்டாயம்.

ஏற்கெனவே ஓடும் வலையோடு புதியது மோதுகிறதா என்று பார்க்க ஒரே வரி:

(முதல்_தொடக்கம் <= இரண்டு_கடைசி) & (இரண்டு_தொடக்கம் <= முதல்_கடைசி)

ட்ரூ என்று வந்தால் மோதல். அடைப்புக்குறிகளை எடுத்துவிடாதீர்கள், பைத்தானில் & குறி ஒப்பீட்டை முந்திக்கொள்ளும், விடை தப்பாகும்.

எதற்கு இத்தனை சிக்கனம், விருந்தினருக்கு ஒரு /16-ஐயே கொடுத்தால் 65,534 முகவரி கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும். ஆனால் வைஃபையில் பிராட்காஸ்ட் மிகக் குறைந்த வேகத்தில்தான் போகும். ஒருவர் போன் 'அந்த முகவரி யாரிடம்' என்று கத்துவதை எல்லாப் போனும் நின்று கேட்க வேண்டும். 160 போனுக்கு /23 வைத்தாலே அக்சஸ் பாயிண்டில் கிளையண்ட் ஐசொலேஷனைப் போட்டுவிடுவது நல்லது, பக்கத்து அறைக்காரர் போனை இன்னொருவர் துழாவுவதும் நிற்கும். தவிர, 10.65 முழுவதையும் ஒரே லாட்ஜுக்குக் கொடுத்துவிட்டால் அடுத்த கிளைக்கு எதைக் கொடுப்பது? மண்டபத்தில் ஐஸ் கம்பெனி, தொண்டியில் மீன் கொள்முதல், கீழக்கரையில் ஒரு கடை, ராமநாதபுரத்தில் தலைமை அலுவலகம் என்று நாலு இடம் இருந்தால், நாலுக்கும் /22 வீதம் 10.65.16.0, 20.0, 24.0, 28.0 என்று கொடுங்கள். நாலும் சேர்ந்து 10.65.16.0/20 என்ற ஒரே வரியில் அடங்கும், வி.பி.என். பெட்டியில் ஒரு ரூட் எழுதினால் போதும். ஒரு /16-இல் இப்படி 64 கிளை வைக்கலாம்.

பிரித்த பிறகு வரும் பழுதில் ஆளைக் குழப்புவது மாஸ்க் பொருந்தாமைதான். கேமரா வலை /26. கேமராவை மாட்டுபவர் பழக்க தோஷத்தில் 255.255.255.0 என்று போட்டுவிடுகிறார், 10.65.10.20-க்கு. என்.வி.ஆர். 10.65.10.10-இல் இருப்பதால் பதிவு ஓடும். கேமரா இணையத்திலிருந்து நேரத்தையும் சரியாக எடுத்துக்கொள்ளும். அலுவலகக் கணினி 10.65.10.70-இலிருந்து மட்டும் திறக்காது. ஏனென்றால் கணினி அனுப்பியது ரவுட்டர் வழியாகக் கேமராவுக்கு வந்து சேர்கிறது. பதில் அனுப்பும்போது கேமரா தன் /24 மாஸ்க்கைப் பார்த்து 70 தன் பக்கத்து வீடு என்று நினைத்து, கேட்வேயை விட்டுவிட்டு நேராகக் கூப்பிடுகிறது. அங்கே யாரும் இல்லை. பதில் செத்துப்போகிறது. 255.255.255.192 என்று மாற்றினால் அந்த நிமிஷமே திறக்கும். ஃபயர்வாலைக் குற்றம் சொல்லும் முன் இரு முனையின் முகவரியையும் முதலில் கேமராவின் மாஸ்க்கோடும், பிறகு கணினியின் மாஸ்க்கோடும் மேலே உள்ள ஐந்து வரியில் போட்டுப் பாருங்கள். தொடக்கம் இரண்டும் கேமரா கண்ணில் ஒன்றாகவும் கணினி கண்ணில் வேறாகவும் வந்தால் பழுது அங்கேதான்.

கடலோரத்துக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. விண்டோஸ் கணினியோ ஐபோனோ 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டினால் டி.எச்.சி.பி. பதில் வரவில்லை என்று அர்த்தம். முகவரி தீர்ந்தாலும் இதே அறிகுறி, உப்புக்காற்றில் ஆர்.ஜே. 45 முனையின் ஊசிகளில் பச்சை பூத்தாலும் இதே அறிகுறி. பிரித்தறிய எளிய வழி: பழைய கருவிகள் ஓடி, புதியவை மட்டும் தவித்தால் முகவரிப் பஞ்சம். ஒரே கேபிளில் இருப்பவை எல்லாம், பழையவையும் சேர்த்து, விட்டு விட்டுப் போனால் முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். அந்தக் கருவிக்குக் கையால் ஒரு முகவரி போட்டுப் பார்ப்பதும் உதவும். அப்போது ஓடினால் கேபிள் நல்லது.

4ஜி, 5ஜி ரவுட்டரில் ஓடும் இடங்களில் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியையும் ஒரு தடவை கணக்கில் போடுங்கள். நீளம் 10 என்று வைத்துத் தொடக்கம் 100.64.0.0 வந்தால், அது 2012-இல் ஆர்.எஃப்.சி. 6598 இணைய நிறுவனங்களுக்கு ஒதுக்கிய பொதுப்பகிர்வு வரம்பு, 100.127.255.255 வரை. அங்கே போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் கருவிக்குத் திருப்பும் அமைப்பு) எத்தனை தடவை போட்டாலும் வெளியிலிருந்து கேமரா திறக்காது. உள்ளிருந்து வெளியே கட்டும் வி.பி.என்.தான் வழி. அந்த வரம்பை உள்வலைக்கும் பயன்படுத்த வேண்டாம். உள்வலைக்கு 1996-இன் ஆர்.எஃப்.சி. 1918 சொன்ன மூன்று மட்டும்: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. நடுவில் உள்ளதை 172.32-லும் போடுகிறார்கள். /12 என்றால் 172.31.255.255-இல் முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் உள்ளது வேறு யாருடைய பொது முகவரியோ. டாக்கர் என்ற கண்டெய்னர் மென்பொருள் ஓடும் சர்வர் இருந்தால் 172.17.0.0/16-ஐயும் தவிர்த்துவிடுங்கள், அது தானாகவே அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பிரித்த பட்டியலை ரவுட்டர் மேல் ஸ்டிக்கராக ஒட்டினால் ஒரு மழைக்காலம் தாங்காது. லாமினேட் செய்து, பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள். வலை, மாஸ்க் புள்ளி வடிவில், கேட்வே, டி.எச்.சி.பி. தொடக்கம்-முடிவு, லீஸ் நேரம் ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். கேமரா வலையின் மாஸ்க்கை /26 என்று மட்டும் எழுதினால் கேமராக்காரர் மறுபடி 255.255.255.0 போடுவார். 255.255.255.192 என்றே எழுதுங்கள்.